கீசர் மாட்டிய பிறகு: சில குறிப்புகள்

சேஃப்டி வால்வின் வாயை அடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கீசருக்கு அடியில், பச்சைத் தண்ணீர் ஏறுகிற குழாயோடு சேர்ந்தாற்போல் பித்தளையில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு வால்வு இருக்கும். அதன் பக்கவாட்டில் சின்னதாக ஒரு மூக்கு. அந்த மூக்கில் வெள்ளை டேப்பைத் தடிமனாகச் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் எண்ட் கேப்பை முறுக்கி இறுக்கியிருக்கிறது. மாட்டிய அன்றைக்கு அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்ததாம். "ஒழுகுதுப்பா"ன்னு அம்மா சொன்னதும், "இந்தா இப்ப நிப்பாட்டிர்றேன் பாட்டி" என்று மாட்ட வந்த பையன் மூடியைப் போட்டுவிட்டான். ஒழுகல் நின்றுவிட்டது. அம்மாவுக்கும் நிம்மதி, அவனுக்கும் வேலை முடிந்தது.

அந்தச் சொட்டு ஒழுகல் இல்லை. தண்ணீர் சூடாகும்போது விரியும். 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கூடும். 25 லிட்டர் டாங்கியில் அது கால் லிட்டருக்கும் மேலே. வந்த வழியே மாடித் தொட்டிக்குத் திரும்பலாம் என்றால், அந்த வால்வே தண்ணீரைப் பின்னால் விடாது; ஒரு வழியாகத்தான் விடும். மூடிய இரும்புப் பாத்திரத்துக்குள் தண்ணீரை நெரித்து வைக்க முடியாது. அந்தக் கூடுதல் தண்ணீர் போவதற்குத்தான் அந்த மூக்கு.

தெர்மோஸ்டாட் இருக்கிறதே, 60, 70 டிகிரியில் தானாகக் கட்டாகிவிடுமே என்று கேட்கலாம். ஆகும். அது ஒட்டிக்கொண்டால் அடுத்து கட்-அவுட் இருக்கிறது. அதுவும் கைவிட்டால் கடைசியாக நிற்பது இந்த வால்வு ஒன்றுதான். தண்ணீர் ஆவியாக மாறினால் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். கடைசிக் காவலாளியின் வாயைக் கட்டிவிட்டு, அந்தப் பெட்டியைக் குளிக்கிறவர் தலைக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறது.

மெயினை அணைத்தாயிற்று. மூடியைக் கழற்றுவதற்கு முன்னால் போட்டோ எடுத்து வைத்தேன்.

*

எங்கள் வீட்டில் முன்பு இருந்தது செம்புப் பாய்லர். நடுவில் ஒரு குழாய், அதைச் சுற்றித் தண்ணீர், அடியில் சாம்பல் தட்டு. நடுக்குழாயில் சிரட்டையும் சுள்ளியும் போட்டுப் பற்றவைப்பார்கள். மேலே புனல் மாதிரி ஒரு வாய். அதில் ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் இன்னொரு மூக்கு வழியாக ஒரு செம்பு வெந்நீர் வெளியே வரும். ஊற்றாமல் எடுக்க முடியாது. அதனால் பாய்லர் ஒருநாளும் வறண்டு கருகியதில்லை. மேலே திறந்தே இருந்ததால் அழுத்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கொதித்தால் ஆவி வெளியே போகும், அவ்வளவுதான். அதைச் செய்த கன்னார் யாரென்று தெரியாது. ஆனால் தப்பாகப் பயன்படுத்த முடியாதபடி செய்துவைத்திருக்கிறார்.

புகை மட்டும்தான் தொல்லை. அம்மாவின் கண் அதில்தான் கெட்டது என்று அப்பா சொல்வார். மின்சாரக் கீசர் வந்தது நல்லதுக்குத்தான். அதில் எனக்கு மறு பேச்சு இல்லை. முதல் கீசர் போர் தண்ணீரில் உப்பேறி, டாங்கி ஓட்டை விழுந்து போனது. டாங்கிக்குள் மக்னீசியத் தண்டு ஒன்று இருக்கும். இரும்பைத் தின்ன வருகிற துருவுக்குத் தன்னைத் தின்னக் கொடுத்து, டாங்கியைக் காப்பாற்றுகிற தண்டு. உப்புத் தண்ணீரில் அது சீக்கிரம் கரையும். ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்து மாற்ற வேண்டும். எங்களுக்கு விற்றவரும் சொல்லவில்லை, மாட்டியவரும் சொல்லவில்லை. இந்தப் பக்கத்து வீடுகளில் விசாரித்தவரை அப்படி ஒன்று இருப்பதே ஒருவருக்கும் தெரியவில்லை.

*

எங்கள் பக்கத்துப் பொட்டிபுரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நியூட்ரினோதான் ஞாபகம் வருகிறது. 2015-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த ஆய்வகம், அம்பரப்பர் மலை, சுரங்கம், போராட்டம். அந்த மலைக்கு இந்தப் பக்கம் வீடுகளில் என்ன நடக்கிறது என்று கேட்டுக்கொண்டு யாரும் வந்ததில்லை.

இந்த ஊர்களில் வெந்நீர் யாருக்கு வேண்டும் என்றால், முதலில் ஏலக்காட்டுக்குப் போய்வருகிறவர்களுக்கு. போடி, ராசிங்காபுரம், தேவாரம் பக்கத்துப் பெண்கள் விடியுமுன் ஜீப் ஏறுகிறார்கள். போடிமெட்டு ஏறி பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை. ஆடி, ஆவணியில் அங்கே மழை விடாது. ஏலச்செடியின் அடியில் தரையோடு தரையாகக் கிடக்கும் சரத்திலிருந்து காய் பறிக்கக் குனிந்தே நிற்க வேண்டும். நாள் முழுக்க நனைந்த உடம்போடு, அட்டை கடித்த காலோடு, சாயங்காலம் அதே ஜீப்பில் நெருக்கியடித்து இறங்குகிறார்கள். அந்த நேரத்துக்கு ரெண்டு வாளி வெந்நீர் கிடைப்பதை வசதி என்று நான் சொல்ல மாட்டேன். மறுநாள் வேலைக்குப் போக முடியுமா முடியாதா என்பதே அதில் இருக்கிறது. மகளிர் குழுக் கடன் வாங்கிக் கீசர் மாட்டிய வீடுகள் இருக்கின்றன. அந்தக் காசுக்குத்தான் அரைகுறை வேலை செய்துவிட்டுப் போகிறார்கள்.

*

ரெண்டு வீடு தள்ளி இருக்கிற சித்தி வீட்டில் வேறு கதை. "அரை வாளி சூடா வருது, அப்புறம் பச்சத் தண்ணி. சின்னப் பெட்டியக் குடுத்து ஏமாத்திட்டாய்ங்கப்பா" என்றார். போய்ப் பார்த்தேன். பெட்டி சரியான பெட்டிதான். நீல வளையம் போட்ட வாயில் வெந்நீர்க் குழாய், சிவப்பு வளையத்தில் பச்சைத் தண்ணீர்க் குழாய். இடம் மாற்றி மாட்டியிருக்கிறது.

கீசருக்குள்ளே சுடுதண்ணீர் மேலே நிற்கும், குளிர்ந்தது கீழே நிற்கும். பச்சைத் தண்ணீர் அடியில் நுழைந்து, சூடானதை மேலே தள்ள வேண்டும். உச்சிவரை நீண்டிருக்கும் உள்குழாய் வழியாகச் சூடு வெளியே வர வேண்டும். மாற்றி மாட்டினால் பச்சைத் தண்ணீர் உச்சியில் கொட்டி எல்லாவற்றையும் கலக்கிவிடும். கரண்ட் செலவு அதேதான். குளிக்கிற தண்ணீர் பாதி. குழாய் ரெண்டையும் கழற்றி மாற்ற ஒரு மணி நேரம் ஆகாது. ஒரு மழைக்காலம் முழுக்க அந்த வீட்டில் கடைசியாகக் குளிப்பவர் பச்சைத் தண்ணீரில் குளித்திருக்கிறார். கடைசியாகக் குளிப்பவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

*

ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் குழாய் பொருத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வேலையைப் பற்றி எழுதாமல் இதை எழுத முடியாது.

பறித்த பச்சைக் காயில் நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணீர்தான். அதைப் பத்து, பன்னிரண்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஒரு கிலோ தேறும். பழைய முறை ஸ்டோரில் அடுப்பு வாய் சுவருக்கு வெளியே இருக்கும். விறகு அங்கே எரியும். தீயின் சூடு தகரக் குழாய்களுக்குள் புகுந்து, அறையின் தரையை ஒட்டி வளைந்து வளைந்து போய், மறுபக்கம் புகைபோக்கி வழியாக வெளியேறும். குழாயின் சூடு மட்டும்தான் அறைக்குள் இறங்க வேண்டும். ஒரு துளி புகை இறங்கக் கூடாது. மேலே வலைத் தட்டுகளில் காய் பரப்பியிருக்கும். 45 முதல் 55 டிகிரிக்குள் சூட்டைப் பிடித்து வைத்து, ராத்திரி முழுக்க ஒருவர் கண்விழித்துப் பார்த்துக்கொள்வார். சூடு ஏறினால் பச்சை நிறம் வெளுக்கும், காய் வாய் பிளக்கும்.

இந்தக் குழாய்களை இணைக்கிறவர் எந்தக் கல்லூரியிலும் படித்தவர் இல்லை. ஆனாலும் இணைப்பை மூடிவிட்டு, அடுப்பில் ஈரச் சருகைப் போட்டுப் புகையைக் கிளப்பி, விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் அடித்து ஒவ்வொரு மூட்டாகக் குனிந்து பார்ப்பதை நானே பார்த்தேன். ஒரு மூட்டில் நூல் மாதிரி புகை எழும்பியது. "இது போதும், ஒரு லோடு காயக் கெடுக்க" என்று சொல்லிவிட்டு முழுவதையும் பிரித்தார்.

ஏன் அவ்வளவு கவனம்? காய் போடி ஏலத்துக்குப் போகிறது. அங்கே வியாபாரி சாம்பிளைக் கையில் உருட்டுவார், உரித்துப் பார்ப்பார், மூக்கருகே கொண்டுபோவார். புகை வாடை இருந்தால் அடுத்த நிமிஷம் விலை இறங்கும். எந்த ஸ்டோரில் காய்ந்தது, அந்த ஸ்டோருக்குக் குழாய் போட்டது யார் என்பது சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். கெட்ட வேலை ரூபாயாகக் கண்ணுக்கு முன்னால் தெரிகிற இடம் அது. அதனால் அங்கே நல்ல வேலைக்காரர் உருவாகியிருக்கிறார்; அவருக்குக் கூலியும் உண்டு, மரியாதையும் உண்டு.

குளியலறை வேலைக்கு அப்படி உரசிப் பார்க்கிற இடம் இல்லை. வெந்நீர் வந்தால் சரி. சுவருக்குப் பின்னால், பெட்டிக்கு அடியில், சுவிட்சுக்கு உள்ளே என்ன செய்திருக்கிறது என்று விலை சொல்ல எந்த வியாபாரியும் வருவதில்லை. இதே ஊரில், இதே கைகள், ஒரு இடத்தில் புகையை நூல் நூலாகத் தேடுகின்றன. இன்னொரு இடத்தில் சேஃப்டி வால்வை மூடிவிட்டுப் போகின்றன. கைத்திறன் இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பார்க்கிற கண் இல்லை.

*

எர்த்.

இதைத் தனியாக எழுத வேண்டும். குழாயைத் தொட்டால் "சுருக்குன்னு இழுக்குது" என்று அம்மா ஏற்கெனவே சொன்னார். ஈரக் கைக்கு அப்படித்தான் இருக்கும் என்று பையன் சமாதானம் சொல்லியிருக்கிறான். ஈரக் கைக்கு அப்படி இருக்கவே கூடாது. டெஸ்டரை ஷவர் குழாயில் வைத்தேன், மங்கலாக எரிந்தது. மூன்று முள் பிளக்கைத் திருகிப் பார்த்தேன். சிவப்பும் கறுப்பும் உள்ளே இருக்கின்றன. பச்சை வயரை ஒட்ட வெட்டி, டேப் சுற்றி மடித்து வைத்திருக்கிறது. சுவரில் எர்த் ஓட்டைக்குப் பின்னால் வயரே வரவில்லை, எதற்கு இணைப்பது என்று நினைத்திருப்பான்.

சுவரில் ஏன் வரவில்லை என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. பழைய வீடுகளில் எர்த் கம்பியை இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டிவிடுவார்கள். அன்றைக்குக் குழாய் முழுக்க ஜிஐ, மண்ணுக்குள்தான் ஓடியது, ஏதோ ஒப்பேறியது. பிறகு ஒவ்வொரு வீடாக பிவிசி குழாய்க்கு மாறினோம். கம்பி கட்டிய ஒரு முழ இரும்பு மட்டும் சுவரில் மிச்சம், அதற்குமேல் பிளாஸ்டிக். எர்த் அறுந்துபோனது எந்த வீட்டுக்கும் தெரியாது, ஏனென்றால் எர்த் இல்லாவிட்டாலும் லைட் எரியும், மிக்சி ஓடும்.

மலையடிவாரத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. ரெண்டடி தோண்டினால் பாறை. எர்த் குழிக்குள் ஜிஐ குழாயை இறக்கிக் கரியும் உப்பும் போட்டு மூடினாலும், கோடையில் மண் காய்ந்துவிட்டால் மின்சாரம் இறங்க வழியில்லை. ஈரம் தங்குகிற இடமாகப் பார்த்து, முடிந்தவரை ஆழமாகப் போட்டு, வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். போட்ட பிறகு அளந்து பார்க்க வேண்டும். அளக்கிற மீட்டர் இல்லாத எலக்ட்ரீசியன்கூட பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் குண்டு பல்பு போட்டு, பளிச்சென்று எரிகிறதா மினுக்குகிறதா என்று பார்ப்பார். அந்தச் சோதனையும் நடக்கவில்லை.

ஆர்சிடி என்று ஒன்று இருக்கிறது. வீட்டு மெயினில் மாட்டுவது. போன மின்சாரமும் திரும்பி வந்ததும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசப்பட்டால், கண் இமைக்கும் நேரத்தில் கட் பண்ணிவிடும். கீசர் மாட்டுகிற காசில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கச் சொல்லி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எர்த்துக்குப் பதிலாக இல்லை, எர்த்தோடு சேர்த்து.

வயரும் மெலிசு. 2,000 வாட் பெட்டி 230 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியருக்குக் கிட்டே இழுக்கும். 25 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்கு வர அரை மணி நேரம் விடாமல் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் சுவிட்சும் சாக்கெட்டும் வேண்டும், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயராவது வேண்டும். இங்கே லைட்டுக்கு ஓடுகிற வயரிலிருந்து ஒட்டு போட்டு, 6 ஆம்பியர் சுவிட்சில் கொண்டுவந்து விட்டிருக்கிறது. சுவிட்சின் ஓரம் இப்போதே பழுப்பேறியிருக்கிறது. தொட்டால் பொசுபொசுவென்று சூடு.

*

குழாய் பற்றி: வெள்ளை யுபிவிசி பச்சைத் தண்ணீருக்கானது. வெந்நீருக்குப் பாலேட்டு மஞ்சள் நிறத்தில் சிபிவிசி என்று தனியாக வருகிறது. 93 டிகிரி வரை தாங்கும் என்று குழாயிலேயே போட்டிருப்பார்கள். அதை ஒட்டுகிற சொல்யூஷனும் வேறு. எங்கள் வீட்டில் கீசரிலிருந்து மிக்சருக்கு வருகிற குழாய் வெள்ளை. ஏற்கெனவே தொய்ந்து, எல்போ பக்கத்தில் கழுத்து திருகினாற்போல் நிற்கிறது. சிபிவிசி வாங்கியதாகத்தான் பில்லில் எழுதியிருக்கிறது.

ஆங்கர் போல்ட் ஒன்று ஆடுகிறது. தண்ணீரோடு சேர்த்து நாற்பது கிலோவை நெருங்குகிற பெட்டி அதில் தொங்குகிறது. பழைய ஓட்டைக்கு ஒரு விரல் தள்ளிப் புது ஓட்டை போட்டிருக்கிறான். நடுவில் செங்கல் பொடிந்துவிட்டது.

*

பையனைப் பற்றியும் எழுத வேண்டும். இருபது வயது இருக்கும். கடைக்காரர் மறுபடி அனுப்பிவைத்தபோது தலையைக் குனிந்துகொண்டே வந்தான். நான் கத்தவில்லை. வால்வைக் காட்டி, "இது எதுக்குத் தம்பி இருக்கு?" என்று கேட்டேன்.

"தெரியலண்ணே. ஒழுகுனா அடைச்சிரச் சொல்லுவாக."

"யாரு?"

"கூட்டிட்டுப் போற அண்ணே."

"அவருக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

பதில் இல்லை. ஒரு பெட்டி மாட்டினால் இவ்வளவு என்று கூலி. முகூர்த்த மாசத்தில் ஒரு நாளைக்கு நாலு வீடு, அஞ்சு வீடு. பெட்ரோலும் அவன் காசு. சிபிவிசி துண்டும் சொல்யூஷனும் கடையில் எடுத்துக் கொடுக்கவில்லை. வண்டியில் இருந்ததைப் போட்டிருக்கிறான். கடைக்காரர் "இன்ஸ்டாலேஷன் ஃப்ரீ" என்று போர்டு வைத்திருக்கிறார். அந்த இலவசத்தின் விலையை இந்தப் பையனின் கூலியில் பிடித்திருக்கிறார்.

பெட்டியோடு வந்த குறிப்புப் புத்தகத்தை அவனுக்குப் படித்துக் காட்டினேன். தமிழில் இல்லை. படம் பார்த்துப் புரிந்துகொண்டான். சேஃப்டி வால்வின் மூக்கிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று கீழே வடிகாலுக்குப் போவது படத்தில் இருக்கிறது. "இத யாரும் காமிச்சதே இல்லண்ணே" என்றான். மூடியைக் கழற்றி, குழாய் போட்டு விட்டது அவன்தான். போட்டுவிட்டு, ஹாட் டேப்பைத் திறந்துவைத்து, காத்து முழுக்க வெளியேறித் தண்ணீர் கம்பியாக வந்தபிறகே சுவிட்ச் போட வேண்டும் என்று நான் சொன்னதற்கு, "இதுவும் தெரியாதுண்ணே, போட்டுட்டுதான் தொறப்போம்" என்றான். தண்ணீர் ஏறாத பெட்டியில் ஹீட்டிங் காயில் எரிந்துபோவது அப்படித்தான்.

ஐடிஐயில் எலக்ட்ரீசியன், வயர்மேன் படிப்பு ரெண்டு வருஷம். பிளம்பர் ஒரு வருஷம். படிக்காமலே வேலை பழகியவர்களுக்கும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதித் தேர்வு அரசு நடத்துகிறது. பேப்பரில் அறிவிப்பு வரும். அவனிடம் சொல்லியிருக்கிறேன். அறிவிப்பு வந்தால் கட்டாயம் எழுதுகிறேன் என்றிருக்கிறான். படிவத்தை நானே வாங்கித் தருவதாக இருக்கிறேன்.

*

யாரும் பார்க்காத அரைகுறை வேலை எதுவரை போகும் என்பதற்கு வெளிநாட்டுக் கதை ஒன்று. லண்டனில் ரோனன் பாயின்ட் என்று 22 மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. 1968 மே 16 காலையில் 18-வது மாடியில் ஒரு அம்மாள் டீ போட அடுப்பைப் பற்றவைத்தார். கேஸ் கசிந்திருந்தது. வெடித்ததில் கட்டடத்தின் ஒரு மூலையே மேலிருந்து கீழ்வரை சரிந்தது. நான்கு பேர் செத்தார்கள். அந்த அம்மாள் பிழைத்தார். விசாரணையில் கிடைத்தது, அடுப்பையும் கேஸ் குழாயையும் இணைக்கும் தரமில்லாத ஒரு பித்தளை நட். கட்டடத்தை 1986-ல் மாடி மாடியாகப் பிரித்து இறக்கியபோது, பலகைகளின் மூட்டுகளிலும் அரைகுறை வேலை வெளியே வந்தது. குடிபோன வீடுகளின் சுவருக்குள் அவ்வளவு வருஷமாக யாரும் பார்க்காமல் இருந்திருக்கிறது.

அந்த நாட்டில் இன்றைக்குக் கேஸில் ஓடும் வீட்டுப் பாய்லரைக் கண்டவர் தொட முடியாது. 2009 ஏப்ரல் முதல் கேஸ் சேஃப் என்ற பதிவேடு இருக்கிறது. அதில் பெயர் உள்ளவர்தான் தொடலாம், கையில் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும்.

நம் நாட்டில் தொழிற்சாலைப் பாய்லர்களுக்குச் சட்டம் உண்டு. 1863-ல் கல்கத்தாவில் பாய்லர் வெடித்துப் பலர் இறந்த பிறகு, மறு வருஷமே வங்காளத்தில் பாய்லர் சோதனைக்குச் சட்டம் கொண்டுவந்தார்கள். நாடு முழுமைக்கும் 1923-ல் ஒரு சட்டம். அதன் இடத்தில் இப்போது 2025 சட்டம். 100 டிகிரிக்குக் கீழே தண்ணீர் சுடவைக்கிற வீட்டுப் பெட்டிகள் அதில் வராது. அது நியாயம்தான், ஒவ்வொரு வீட்டுக்கும் இன்ஸ்பெக்டர் வர முடியாது. கீசருக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். ஐஎஸ் 2082 என்று பெட்டியில் போட்டிருக்கும். எர்த்துக்கு ஐஎஸ் 3043, வீட்டு வயரிங்குக்கு ஐஎஸ் 732, வெந்நீர்க் குழாய்க்கு ஐஎஸ் 15778. எல்லாவற்றுக்கும் எண் இருக்கிறது. பெட்டியைச் சுவரில் மாட்டி, இவை எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கிற கடைசி ஒரு மணி நேரத்துக்குப் பொறுப்பாளி யார் என்று கேட்டால் விற்றவர் கம்பெனியைக் கை காட்டுகிறார், கம்பெனி கடையைக் காட்டுகிறது, கடை பையனைக் காட்டுகிறது.

*

இதே நிலையில் இருக்கிறவர்களுக்கு உதவும் என்று இதையும் எழுதி வைக்கிறேன்.

பணம் கொடுத்து வாங்கிய வேலையும் சேவைதான். வீட்டு வசதித் திட்டத்தில் கட்டுமானக் குறை இருந்தால் அது சேவைக் குறைபாடு என்று லக்னோ வளர்ச்சி ஆணையம் வழக்கில் 1993 நவம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தேனி மாவட்ட ஆணையத்தில் வக்கீல் இல்லாமல் நாமே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. குறை ஏற்பட்டதிலிருந்து 2 வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் 1915 என்ற எண்ணுக்குப் போன் போட்டுப் பதிவு செய்யலாம். பல நேரங்களில் அங்கேயே கடைக்காரர் இறங்கி வந்துவிடுவார்.

ஆனால் எல்லாமே கையில் காகிதம் இருந்தால்தான். பில் இல்லாமல் நூறு, இருநூறு குறைத்துக்கொண்டு வாங்குகிற வழக்கம் நம்மூரில் இருக்கிறது. அந்த இருநூறு ரூபாயில் நம் உரிமையை விற்றுவிடுகிறோம். பில்லில் பெட்டியின் சீரியல் எண் இருக்க வேண்டும். வாரண்டி அட்டையில் தேதியும் முத்திரையும் இருக்க வேண்டும். மாட்டும் கூலி, குழாய், வயர் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். கோளாறைச் சரிசெய்யுமுன் போட்டோ எடுக்க வேண்டும். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரிக்கல் காண்ட்ராக்டர் ஒருவரை அழைத்துவந்து, கண்ட குறைகளை அவர் லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். வெறும் வாய்ப்பேச்சாகக் கடையில் போய்ச் சண்டை போட்டால், அன்றைக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

சித்தியிடம் பில் இல்லை. ஆனால் ஜிபேயில் பணம் அனுப்பியிருக்கிறார். அதைப் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறோம். அதுவும் சான்றுதான்.

*

கடைக்காரருக்குக் கடிதம் ஸ்பீட் போஸ்டில் போனது. குறைகளை வரிசையாக எழுதி, போட்டோக்களை இணைத்து, காண்ட்ராக்டர் கடிதத்தின் நகலும் வைத்திருந்தேன். பதில் போனில் வந்தது. "நமக்குள்ள எதுக்குண்ணே லெட்டரு" என்று ஆரம்பித்தார். குழாயை சிபிவிசியாக மாற்றித் தருவாராம். ஆங்கர் போல்ட்டை வேறு இடத்தில் அடித்துப் பெட்டியை நகர்த்தி மாட்டித் தருவாராம். வயரிங் அவர் பொறுப்பில்லையாம், அது வீட்டுக்காரர் பார்க்க வேண்டியதாம்.

வயரிங் சாமானுக்கும் கூலிக்கும் தனியாகக் காசு வாங்கியது அவர் பில்லிலேயே இருக்கிறது. அந்த வரியை அடிக்கோடிட்டு ரெண்டாவது கடிதம் எழுதியிருக்கிறேன். எர்த் குழி எங்கள் செலவு, அதை ஒப்புக்கொள்கிறேன்; கொல்லையில் வாழைக்குத் தண்ணீர் பாய்கிற பக்கம் இடம் பார்த்தாயிற்று. 2.5 வயரும் 16 ஆம்பியர் சுவிட்சும் அவர் செலவு. பச்சை வயரை வெட்டிவிட்டு ஓட விட்டதற்கு எழுத்தில் பதில் வேண்டும். சித்தி வீட்டுக் குழாய் மாற்றமும் இதே கடிதத்தில் சேர்த்திருக்கிறேன், ஏனென்றால் அதுவும் அதே கடைதான். பதினைந்து நாள் தவணை. அதுவரை ரெண்டு வீட்டிலும் கீசர் ஓடாது. விறகடுப்பில் அண்டா வைத்திருக்கிறோம்.